உச்சி ஏன் மேலே எகிறியது?

“கல் வளைவுப் பாலத்தில் பாரம் கூடக் கூட உறுதியும் கூடும் என்கிறார்களே, உண்மையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாதி உண்மை. பாரம் எங்கே ஏறுகிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

கல்லை நசுக்குவது கடினம், இழுத்துப் பிளப்பது எளிது. வளைவில் பாரம் நசுக்கு விசையாகவே கல்லுக்குக் கல் கைமாறிக் கரையில் இறங்கிவிடும். இது பள்ளியில் படித்ததுதான்.

பிரிட்டனின் வேல்ஸில் பான்டிபிரித் என்ற ஊரில், டாஃப் நதியின் மேல் பாலம் கட்ட 1746-இல் ஒப்புக்கொண்டவர் வில்லியம் எட்வர்ட்ஸ். கொத்தனார், தேவாலயப் போதகரும்கூட. ஏழு வருஷம் நிற்கும் என்று உத்தரவாதம் வேறு. தூண்கள் வைத்துக் கட்டிய முதல் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. சரி, தூணே வேண்டாம் என்று 140 அடியை ஒரே வளைவில் தாண்டப் பார்த்தார். இன்னொரு வெள்ளத்தில் சாரம் போனது. அடுத்தது, கட்டி முடித்தபின் வெள்ளமே இல்லாமல் விழுந்தது. அதுவும் உச்சி கீழே இறங்கவில்லை, மேலே எகிறியது!

தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் வருவதுதான் நிற்கும் வளைவின் வடிவம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1675-இலேயே, எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கிய புதிராக அச்சிட்டிருந்தார். நீங்களே ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். இரண்டு கைகளுக்கும் சற்றுத் தள்ளி ஒவ்வொரு பூட்டு மாட்டுங்கள். பூட்டுள்ள இடங்கள் தாழும், நடுப்பகுதி மேலேறித் தட்டையாகும். இதைக் கவிழ்த்துப் பார்த்தால், பாலத்துக்குள் விசை ஓடும் பாதை கிடைக்கும். உச்சியில் அது தாழ்ந்து போகும். வளைவுக் கல்லின் தடிமனுக்குள் அடங்கும்வரை கவலையில்லை. எட்வர்ட்ஸின் பாலத்திலோ இரு தோள்களிலும், அதாவது உச்சிக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கங்களில், கனத்த நிரப்பு, உச்சி மெலிசு. விசைப்பாதை உச்சிக் கல்லின் அடிவிளிம்பைத் தாண்டியது. அங்கே கற்கள் மேல்பக்கமாக வாய் பிளந்து எழும்பின.

தீர்வு? உச்சியில் பாரம் ஏற்றலாம், அல்லது தோளில் குறைக்கலாம். அவர் ஒவ்வொரு தோளிலும் 9, 6, 3 அடி விட்டத்தில் மூன்று வட்டத் துளைகளை ஊடே விட்டுக் கட்டினார். அலங்காரம் போலத் தெரியும், அத்தனையும் எடைக்குறைப்பு. 1756-இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. சீனாவின் ஜாவ்ஜோவில் லீ சுன் என்பவர் தன் கல் பாலத்தில் இதே வேலையை 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தோள்களில் சிறு வளைவுகள் திறந்து செய்திருந்தார்.

பாலம் விழுந்தால் ‘பலி கேட்குது’ என்று கிசுகிசுப்பவர்கள் நம்மூரில் இன்னும் உண்டு. இத்தனை முறை தோற்ற ஒரு போதகர் கடைசியில் எடையைத்தான் சரிபார்த்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

எட்வர்ட்ஸின் பாலத்தில் ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஏற்றம் அவ்வளவு செங்குத்து, வண்டிகள் திணறின. 1857-இல் பக்கத்திலேயே ஏற்றம் குறைந்த இன்னொரு பாலம் கட்ட வேண்டியதாயிற்று.