செட்டின் கால் வெளியே தள்ளும்

பிஇபி செட் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் இரும்புக் கொட்டகை) போடும் கம்பெனி, அஸ்திவாரத்தில் பதிக்கும் ஆங்கர் போல்ட் வரைபடத்தோடு ஒவ்வொரு காலமும் (இரும்புத் தூணும்) அஸ்திவாரத்துக்குத் தரும் விசைகளின் அட்டவணையையும் கொடுக்கும். அஸ்திவாரம் எங்கள் பொறுப்பல்ல என்று ஓரத்தில் ஒரு வரியும் இருக்கும். அப்புறம் வேலை உள்ளூர் இன்ஜினியரிடம் போகும். என்னிடம் சரிபார்க்க வரும் ஃபுட்டிங் (காலத்துக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளம்) கணக்குகள் பலவற்றில் செங்குத்துச் சுமை மட்டும்தான் இருக்கும். பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் கிடைவிசையைக் காணோம்.

கூரைச் சுமையில் ராஃப்டர் (கூரையைத் தாங்கும் சாய்வு உத்திரம்) வளையும்போது காலத்தின் அடி வெளியே விலகப் பார்க்கும். 30 மீட்டர் அகலம், 7.5 மீட்டர் உயரம், 7.5 மீட்டருக்கு ஒரு சட்டம் (இரண்டு காலமும் ராஃப்டரும் சேர்ந்தது) என்று வையுங்கள். முழுச் சுமையில் ஒரு காலத்தில் சுமார் 10 டன் கீழே இறங்கும். 5, 6 டன் வெளியே தள்ளும். ஃபுட்டிங் அடி 1.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அது 8, 9 டன்-மீட்டர் திருப்புவிசை. வெறும் 10 டன்னுக்காகப் போட்ட 1.2 மீட்டர் சதுர ஃபுட்டிங் இதற்கு நிற்காது.

'பக்கத்து மண் பிடித்துக்கொள்ளும் சார்' என்பார்கள். தோண்டி நிரப்பிய மண் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் எதிர்க்கத் தொடங்கும். நாளைக்கே அதை ஒட்டி மழைநீர்க் கால்வாய் வெட்டினால் அதுவும் போச்சு.

ஃபுட்டிங் மேல் காலத்தைத் தாங்கும் குட்டைத் தூணான பெடஸ்டலைச் சுற்றி, U வடிவ ஹேர்பின் கம்பி வளைத்துத் தரை கான்கிரீட்டுக்குள் விடுவது மலிவான வழி. ஆனால் தரையில் கம்பி வலை (மெஷ்) தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கம்பி முடியும் இடத்திலேயே கட்டர் ஜாயின்ட் (தரை கான்கிரீட்டில் அறுக்கும் பிளவுக் கோடு) விழுந்தால் அந்தச் சிறு துண்டுத் தரைதான் காலத்தைப் பிடித்திருக்கும். பிறகு மெஷின் குழிக்காகத் தரையை உடைப்பவருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

இந்த அளவு செட்டுக்கு, எதிரெதிர் பெடஸ்டல்களைத் தரைக்கு அடியில் நேரடியாக இணைக்கும் டை கம்பியைத்தான் நான் கேட்பேன். இரண்டு 16 மி.மீ. கம்பி போதும், சட்டத்துக்குச் சுமார் 100 கிலோ. முழுச் சுமையில் ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. அளவுக்கு நீளும். அது அதிகம் என்றால் கம்பியைப் பெரிதாக்க வேண்டும். துருப்பிடிக்காமல் கான்கிரீட்டால் மூடவும் வேண்டும்.

புயல் காற்று கூரையைத் தூக்கும்போது தள்ளல் உள்பக்கம் திரும்பும், ஃபுட்டிங் மேலிருக்கும் எடையும் குறையும். இழுவைக்குப் போட்ட வெறும் கம்பி அப்போது உதவாது. அட்டவணையில் காற்றுக்கான வரிசைகளையும் தனியாக எடுத்துக் கணக்கிடுங்கள்.