ஞானஸ்நானம் பெற்றவர் ஆர்.சி.யில் சேர மறுபடி தண்ணீர் வேண்டாம்

மதுரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில்) பெரியவர்களுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) குடும்பத்தில் பிறந்து ஆர்.சி.யில் (ரோமன் கத்தோலிக்கத்தில்) சேர வருபவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான்: "சார், எப்போ ஞானஸ்நானம் குடுப்பீங்க?"

கொடுக்க மாட்டோம். தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஒருமுறை கொடுத்திருந்தால் அது செல்லும். வலுவான சந்தேகம் இருந்தாலொழிய மறுபடி கொடுக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 869. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைக்காரர்களிடம் அந்தச் சந்தேகம் பொதுவாக எழுவதில்லை. ஆனாலும், கல்யாணத்துக்காகச் சேர வருபவர்களிடம் "எதுக்கும் இன்னொரு தடவை ஊத்திருங்க" என்று வருங்கால மாமியார் சொல்லிப் பார்ப்பார். அதற்காகப் பழைய ஞானஸ்நானத்தை மறைத்துவிடாதீர்கள்.

சர்டிஃபிகேட்டைக் கொண்டுவாருங்கள். தொலைந்திருந்தால் பழைய சபையின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லலாம். அதிலும் இல்லையென்றால், உடனிருந்த நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும். பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்து வருபவர்களின் தாளை நிதானமாகப் படிப்பேன். லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பது பல நேரம் குழந்தைப் பிரதிஷ்டை (குழந்தையைக் கடவுளிடம் ஒப்படைக்கும் ஜெபம்) சான்றிதழாக இருக்கும். அது ஞானஸ்நானம் அல்ல. பிறகு முழுக்கு எடுத்திருந்தால், அப்போது பாஸ்டர் சொன்ன வார்த்தைகளைக் கேட்பேன். 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் சொல்லியிருந்தால் ஏற்க முடியாது. இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) ஞானஸ்நானமே கிடையாது. இப்படிச் செல்லும் ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்குத்தான் இங்கே திருமுழுக்கு.

மற்றவர்கள் முதலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்ய வேண்டும். அப்புறம் திருப்பலியில் சபையாரோடு நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்லி, கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதை எல்லாம் ஏற்பதாக அறிக்கையிட வேண்டும். பங்குத்தந்தையே உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) கொடுப்பார். அதே பூசையில் நற்கருணை. சி.எஸ்.ஐ.யில் இதற்கு இணையான திடப்படுத்தல் எடுத்தவர்களுக்கு இங்கேதான் மனம் சங்கடப்படும். "ஞானஸ்நானம் செல்லும், இது மட்டும் செல்லாதா?" அந்தச் சபை ஆயர்களின் (பிஷப்களின்) குருத்துவத்தைக் கத்தோலிக்கம் ஏற்பதில்லை, அதனால்தான். பூசி மெழுகாமல் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கல்யாணத்துக்காக மட்டும் வருபவர்களுக்கு ஒன்று: சேராமலே ஆர்.சி. கோயிலில் கல்யாணம் செய்யலாம். ஆயரின் அனுமதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கும். மற்றவர் அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இருவரும் ஆர்.சி. அல்லாத சபையில் ஞானஸ்நானம் பெற்று சி.எஸ்.ஐ.யில் முதல் கல்யாணம் செய்தவர்கள் என்றால், சேரும்போது மறுபடி தாலி கட்ட வேண்டியதில்லை. யாருக்காவது முன்பு ஒரு கல்யாணம் நடந்து கோர்ட்டில் விவாகரத்து ஆகியிருந்தால், அதை முதல் சந்திப்பிலேயே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். கோர்ட் விவாகரத்தோடு பழைய கல்யாணம் முடிந்துவிட்டதாகத் திருச்சபை கருதாது. ஆயரின் மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கலாம், மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.