சொல் விளக்கம்: குறுக்குச்சுட்டு

ஓர் ஆவணத்தின் ஓரிடத்தில் நின்றுகொண்டு அதே ஆவணத்தின் இன்னோர் இடத்தைக் காட்டுவதுதான் குரொஸ் ரெபரன்ஸ். "உரு 2.3 ஐப் பார்க்க", "41 ஆம் பக்கத்து அட்டவணையில்" என்பவை எல்லாம் இந்த வகை. அச்சுக்கோப்பு மென்பொருள்களில் இதன் பொருள் இன்னும் இறுக்கமானது. அங்கே எண்ணைக் கையால் எழுதுவதில்லை. படத்துக்கு ஒரு பெயர் வைக்கிறோம், வாக்கியத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறோம், எண்ணை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது.

ரெபரன்ஸ் என்பதன் வேர் லத்தீனில் "திருப்பிக் கொண்டுபோதல்" என்று பொருள்படும் வினை. குரொஸ், சிலுவையைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்து, "குறுக்கே" என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. தமிழில் இதற்குக் குறுக்குக் குறிப்பு, குறுக்கு மேற்கோள், குறுக்கு நோக்கீடு, குறுக்குச்சுட்டு எனப் பல சொற்கள் புழங்குகின்றன. மேற்கோள் என்பது பிறர் கூற்றை எடுத்தாள்வது. இங்கே எவர் கூற்றும் எடுத்தாளப்படவில்லை, ஆகவே அது பிழை. குறிப்பு என்றால் அடிக்குறிப்பு நினைவுக்கு வரும். இலங்கையில் ஆய்வேட்டின் கடைசியில் வரும் நூற்பட்டியலை உசாத்துணை என்போம்; அது வெளியே உள்ள நூலைக் காட்டுவது, இதனோடு கலக்கக் கூடாது. சுட்டு என்பதோ அ, இ, உ என்னும் மூன்றுக்கும் தொல்காப்பியம் தந்த பெயர். காட்டுவது மட்டுமே அதன் வேலை. குறுக்கெழுத்து, குறுக்கு விசாரணை என்று பழகிய நமக்குக் குறுக்குச்சுட்டு உறுத்தாது. அதையே தலைச்சொல்லாகக் கொள்ளலாம். உட்சுட்டு என்று சுருக்கினாலும் தவறில்லை.

ஃபிகர் என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் படம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அது உரு. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வேடு எழுதுபவர், எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை ஒன்றையே எழுத வேண்டும். வரைபுக்கு உரு, புகைப்படத்துக்குப் படம் என இரண்டு வரிசை வைக்க விரும்பினால் மென்பொருளிலும் இரண்டு தனி எண்ணிகள் தேவை.

இந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள லேட்டெக் நல்ல இடம். டொனால்ட் நூத் 1978 இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது அது. ஆவணத்தைக் கட்டளைகளோடு எழுதி ஓட்டினால் அச்சுப் பக்கம் கிடைக்கும். படத்துக்கான கட்டளைகள் தொடங்கி முடியும் பகுதியைப் படச் சூழல் என்பர். அதற்குள் கேப்ஷன் கட்டளை தலைப்பை அச்சிட்டு எண்ணை ஒன்று கூட்டுகிறது. லேபிள் கட்டளை அந்த எண்ணுக்கு ஒரு பெயர்ச்சிட்டை ஒட்டுகிறது. உரையில் ரெஃப் கட்டளை எண்ணையும் பேஜ்ரெஃப் பக்கத்தையும் தருகின்றன. லேட்டெக் முதல் ஓட்டத்தில் சிட்டைகளை ஆக்ஸ் என்னும் துணைக்கோப்பில் எழுதிவைக்கிறது. அடுத்த ஓட்டத்தில்தான் அதைப் படித்து எண்களை இடுகிறது. ஆகையால் முதல் ஓட்டத்தில் "உரு ??" என்று வருவது பிழையல்ல. பொருளடக்கம் நீண்டு பக்கங்கள் நகர்ந்தால் மூன்றாவது ஓட்டமும் வேண்டும். இடையில் ஓட்டம் முறிந்து துணைக்கோப்பு பழுதாகிவிட்டால் அதை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டலாம், நட்டம் ஒன்றுமில்லை.

கேள்விக்குறி கண்ணில் படும். கண்ணில் படாத பிழைதான் ஆபத்து. மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மையைக் காட்டும் வரைபு, இரண்டாம் அத்தியாயத்தின் 2.4 ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் எண் உரு 2.3 என்று வைத்துக்கொள்வோம். லேபிளைக் கேப்ஷனுக்கு மேலே எழுதிவிட்டால், அந்த நேரத்தில் நடப்பில் இருப்பது பிரிவின் எண். சிட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். உரையில் "உரு 2.4" என்று அச்சாகும். 2.4 உம் உரு எண் மாதிரியே இருப்பதால் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள், லேட்டெக்கும் எச்சரிக்காது. வாசகர் 2.4 ஐத் தேடிப் போனால் அங்கே உன்னிச்சைக் குளத்தின் வரைபடம் இருக்கும். லேபிளை எப்போதும் கேப்ஷனுக்குப் பின், அதே படச் சூழலுக்குள் எழுதுக. கேப்ஷன் இல்லாத படத்துக்கு எண்ணும் இல்லை. அதற்கு லேபிள் வைத்தாலும் பிரிவின் எண்தான் கிடைக்கும்.

ஒரு படத்தின் கட்டளைகளை நகலெடுத்து ஒட்டிப் படத்தை மட்டும் மாற்றிவிட்டு, சிட்டைப் பெயரை மாற்ற மறப்பதும் அடிக்கடி நடக்கும். பெயர் இரண்டு தடவை வந்தால் பின்னால் வந்ததே வெல்லும். முன்னைய படத்துக்கான சுட்டுகள் எல்லாம் பின்னையதைக் காட்டும். இதற்கு எச்சரிக்கை வரும், ஆனால் எச்சரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

சிட்டைப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், லேட்டெக்கின் யூனிகோட் வடிவங்களான சீலேட்டெக்கும் லுவாலேட்டெக்கும் ஏற்கும். ஆனால் ஒரு பொறி உண்டு. கொக்கட்டிச்சோலை என்று பெயர் வைத்தால், முதலெழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. விசைப்பலகை ஒன்றில் லேபிளையும் இன்னொன்றில் ரெஃப்பையும் தட்டினால் லேட்டெக்குக்கு அவை வேறுவேறு பெயர்கள், எத்தனை தடவை ஓட்டினாலும் "??" போகாது. சிட்டைப் பெயர் அச்சில் வராதது, அதனால் அதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைத்துவிடுவதே நிம்மதி.

இனி வேற்றுமை உருபு. ஆங்கிலத்துக்கு இல்லாத சிக்கல் இது. எண்ணை எழுத்தால் எழுதினால் மூன்றை, ஏழில், ஐந்துக்கு என உருபு எண்ணோடு கலந்துவிடும். தானியங்கி எண்ணுக்கு அது ஒத்துவராது. இலக்கத்தில் எழுதும்போது எந்த எண் வந்தாலும் ஐ, இல், க்கு, ஆம் மாறுவதில்லை. ஆகவே "உரு 2.3 இல்" என்ற வடிவம் தானியங்கிக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உருவுக்கும் எண்ணுக்கும் இடையிலும், எண்ணுக்கும் உருபுக்கும் இடையிலும் வெற்றிடத்துக்குப் பதில் அலைக்கோட்டுக் குறி (~) இடுக. இல்லையேல் "இல்" தனியாக அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் விழும். உருபே வேண்டாமென்றால் வாக்கியத்தை முடித்து அடைப்புக்குறிக்குள் "உரு 2.3" என்று இடலாம், இறுக்கமான அறிவியல் நடைக்கு அதுவே அழகு.

"கீழேயுள்ள உருவில்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். லேட்டெக்கில் படம் மிதக்கும். கீழே என்று நீங்கள் சொன்னது அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் உட்காரும்.

கேப்ஷனில் ஃபிகர் என்ற ஆங்கிலச் சொல் வந்தால், அந்தச் சொல்லைத் தரும் ஃபிகர்நேம் கட்டளையை உரு என மாற்ற வேண்டும். கோப்பில் உரைக்கு முன் அமைப்புகளை எழுதும் பகுதியில் வெறுமனே மாற்றினால், ஆவணம் தொடங்கும்போது, மொழிக்கேற்ற சொற்களைத் தரும் மொழிப்பொதி அதைத் திருப்பி எழுதிவிடும். தமிழுக்கான கேப்ஷன் தொகுதியோடு அதைச் சேர்த்தால்தான் நிற்கும். சுட்டுகளைச் சொடுக்கக்கூடிய இணைப்புகளாக்கும் ஹைப்பர்ரெஃப் பொதியில், எண்ணோடு ஃபிகர் என்ற சொல்லையும் தானே இடும் ஆட்டோரெஃப் கட்டளைக்கு வேறு பெயர்மாறி உண்டு, அதையும் மாற்றாவிட்டால் படத்தின் அடியில் உரு என்றும் உரையில் ஃபிகர் என்றும் நிற்கும்.

தட்டச்சுக் கடைகளில் வேலை பெரும்பாலும் வேர்டில் நடக்கிறது. அங்கேயும் கொள்கை ஒன்றே: தலைப்பைக் கையால் தட்டாமல் இன்செர்ட் கேப்ஷன் வழியே இடுக, சுட்டைக் குரொஸ் ரெபரன்ஸ் வழியே இடுக. இடையில் ஒரு படம் சேர்ந்தால் சுட்டுகள் தாமாக மாறா. முழுவதையும் தெரிவுசெய்து எஃப்9 விசையை அழுத்த வேண்டும். சுட்டப்பட்ட தலைப்பை யாராவது அழித்திருந்தால் சுட்டு இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச்செய்தி தோன்றும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு பாமினி. பந்தி அந்த எழுத்துருவில் இருந்தால் அந்த ஆங்கிலம் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாகத் தெரியும். சரிபார்ப்பவர் தட்டச்சுப் பிழை என நினைத்து அதைத் திருத்தி எழுதிவிடுவார், சுட்டும் அதோடு அறுந்துபோகும். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த ஆவணத்தை ஒருமுறை ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தால், பாமினித் தமிழெல்லாம் குழம்பி நிற்க, பிழைச்செய்தி மட்டும் ஒழுங்கான ஆங்கிலமாகத் தெரியும்.