கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் சிறுமி

ரோஸ் என்ற சிறுமிக்குக் கேரட் மிகவும் பிடிக்கும். இதைக் குழந்தைகளிடம் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள் சூசன் கெல்மன், கெயில் ஹேமன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். சிலரிடம் "ரோஸ் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கேரட் சாப்பிடுவாள்" என்றார்கள். மற்றவர்களிடம் "ரோஸ் ஒரு கேரட் தின்னி" என்றார்கள். கேட்டவர்களுக்கு 5, 7 வயது. 'தின்னி' என்று கேட்ட குழந்தைகள், ரோஸ் வளர்ந்த பிறகும் அப்படியே இருப்பாள், வீட்டார் தடுத்தாலும் மாறமாட்டாள் என்று கூடுதலாக நம்பினார்கள். 1999இல் வெளியான ஆய்வு இது.

ஒரு செயலையோ தன்மையையோ இப்படிப் பட்டப்பெயராக மாற்றத் தமிழில் ஒரு விகுதி போதும். பேச்சு திக்குகிறது என்றால் அது பேச்சில் நேர்வது, நாளை சரியாகலாம். 'திக்குவாயன்' என்றதும் அது ஆளாகிவிடுகிறது. கறுப்பாக இருப்பது தோலின் தன்மை. 'கறுப்பி' என்பதோ முழுச் சிறுமி. அவள் நன்றாகக் கணக்குப் போடுவதும், தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிவதும் அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கின்றன?

பட்டப்பெயர் வசவைவிடக் கொடியது என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. வசவுக்குப் பதில் பேசாமல் போய்விடலாம். பட்டப்பெயர் கூப்பிடும் பெயர். நாலரை மாதக் குழந்தையே தன் பெயரின் ஒலியைப் பிற பெயர்களிலிருந்து பிரித்தறிகிறது. அவ்வளவு ஆழமாகப் பதிந்த பாதையில் 'குண்டு', 'சோடாபுட்டி' எல்லாம் ஏறிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும், அது தான்தான் என்று குழந்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. மழலைப் பருவத்தில் "நான் வேகமாக ஓடுவேன்" என்பதோடு பெருமை நின்றுவிடும். ஏழு, எட்டு வயதில்தான் பிள்ளைகள் பிறரோடு தங்களை ஒப்பிட்டு, 'நான் எப்படிப்பட்டவன்' என்ற மொத்தக் கணக்கைப் போடத் தொடங்குகிறார்கள். பிறர் பார்வை என்ற கண்ணாடியில்தான் நாம் நம்மைக் காண்கிறோம் என்று சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902இலேயே எழுதினார். பட்டப்பெயர்கள் மும்முரமாகப் புழங்கும் பள்ளிப் பருவமும் அந்தக் கணக்குப் போடும் பருவமும் ஒன்றே.

2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 2,379 சிறுமிகளைப் பற்றியது. பத்து வயதில் 'நீ ரொம்பக் குண்டு' என்று சொல்லப்பட்டவர்கள், 19 வயதில் உடல் பருமன் அடையும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பத்து வயதில் இருந்த உடல் எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். சொல்தான் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவமானம் மன அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தூண்டும், அது தின்னும் ஆசையை வளர்க்கும் என்ற வழி ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததே. சொன்னவர்கள் வெளியாட்களாக இருந்ததைவிடக் குடும்பத்தினராக இருந்தபோது தொடர்பு வலுவாக இருந்தது.

"செல்லமாகத்தானே கூப்பிடுகிறோம்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அந்தச் சிறுமிகளிடம் கேட்ட கேள்வி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தோழி, ஆசிரியர் என்று யாராவது உன்னை அப்படிச் சொன்னதுண்டா என்பது மட்டுமே. செல்லமாகச் சொன்னார்களா, கோபத்தில் சொன்னார்களா என்று அதில் கேட்கவில்லை.