ஆலோசகர் சொன்னது கோப்பில் இருக்கிறதா?

அமைச்சரின் அரசியல் ஆலோசகர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, பேட்டியில் என்ன பேசலாம் என்று காதோரம் சொல்லிக் கொடுக்கும் ஆள். அந்த வேலையும் உண்டுதான். ஆனால் கொள்கைக் கோப்புகளைத் துறைகளுக்கிடையே நகர்த்தும் பணியில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆலோசகரின் முக்கியமான வேலை, இரண்டு துறைகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் நடக்கிறது.

அந்த முட்டலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு துறை புதிய திட்டத்துக்கு வரைவு போடுகிறது. கருத்துக் கேட்டு நிதித்துறைக்கு அனுப்புகிறது. "செலவுக்கு வழியில்லை" என்று குறிப்பு வருகிறது. விளக்கம் எழுதி அனுப்பினால், கூடுதலாக நாலு கேள்வி வருகிறது. அதிகாரிகள் அளவில் இது எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகும். யார் மீதும் தவறில்லை. அவரவர் துறையின் நிலையைக் காப்பதுதான் அவரவர் பணி. இந்தக் கட்டத்தில் இரண்டு அமைச்சர்களின் ஆலோசகர்கள் போனில் பேசிக்கொள்கிறார்கள். நிதியமைச்சருக்குத் திட்டத்தின் மேல் மறுப்பே இல்லை, இந்த நிதியாண்டிலேயே தொடங்குவதுதான் சிக்கல் என்பது தெரியவருகிறது. தொடக்கத் தேதியைத் தள்ளிவைத்தால் சரி என்கிறார். கோப்பு நகர்ந்துவிடுகிறது.

இதை அதிகாரியே செய்துவிடலாமே என்று கேட்கலாம். அமைச்சர் எதை விட்டுக்கொடுப்பார், எதில் பிடிவாதமாக இருப்பார் என்பது அரசியல் கணக்கு. தேர்தல் வாக்குறுதி, கூட்டணிக் கட்சியின் மனநிலை எல்லாம் அதில் சேரும். நாளை வேறு ஆட்சி வந்தாலும் அதே நாற்காலியில் உட்கார வேண்டிய அதிகாரி அந்தக் கணக்கைப் போடக் கூடாது. அதைப் போட வேறொருவர் இருப்பது அதிகாரியின் நடுநிலைக்கும் பாதுகாப்பு. பிரிட்டனில் 1964-இல் ஹெரால்டு வில்சன் பிரதமரானபோது சிறப்பு ஆலோசகர்களை நியமிக்கத் தொடங்கினார். 1974-இல் பிரதமர் அலுவலகத்திலேயே கொள்கைப் பிரிவு ஒன்றை அமைத்தார். அமைச்சர் பதவி விலகினால் ஆலோசகரின் பணியும் முடிந்துவிடும் என்பது அங்குள்ள விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில், அமைச்சர்களைப் போன்ற ஆணையர்கள் வழக்கமாகக் கூடுவது புதன்கிழமை. அவர்களுடைய ஆலோசகர் குழுத் தலைவர்கள் திங்கட்கிழமையே கூடி, ஒத்துப்போகும் விஷயங்களைப் பேசி முடித்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் முறை. அமைச்சகங்கள் முரண்படும்போது பிரதமரின் ஆலோசகர் ஒருவர் தலைமையில் கூட்டம் நடக்கும். அவர் பிரதமர் சார்பில் தீர்ப்புச் சொல்வார். அதை எழுதுவது அவரல்ல. அரசின் தலைமைச் செயலகத்தைச் சேர்ந்த நிரந்தர அதிகாரி. அந்தக் குறிப்பை நீலத்தாளில் அச்சடித்து அனுப்புவது மரபு என்பதால் அதற்கு "நீலம்" என்றே பெயர். நீலம் வந்துவிட்டால் எல்லா அமைச்சகங்களும் அதன்படி நடக்க வேண்டும். முடிவு சொல்பவர் ஒருவர், எழுதி வைப்பவர் வேறொருவர். ஆலோசகர் அடுத்த மாதம் போய்விட்டாலும், என்ன முடிவானது என்பது காகிதத்தில் நிற்கும்.

எழுதி வைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்து கதையைப் படிக்க வேண்டும். மரத்துகள் போன்ற எரிபொருளில் இயங்கும் கொதிகலன்களுக்கு 2012 நவம்பரில் ஒரு மானியத் திட்டம் தொடங்கினார்கள். பிரிட்டனின் மற்ற பகுதிகளில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரித்தால் மானிய விகிதம் குறையும். வட அயர்லாந்துத் திட்டத்தில் அந்தத் தடுப்பு இல்லை. மானியம் எரிபொருள் விலையைவிடக் கூடுதலாக இருந்ததால், எவ்வளவு எரித்தாலும் லாபம். 2015-இல் கட்டுப்பாடு கொண்டுவர முயன்றபோது அது தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் விண்ணப்பங்கள் குவிந்தன. இந்த விவகாரத்தால் 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்து, மூன்று ஆண்டுகள் அமைச்சரவை இல்லாமல் கிடந்தது.

பொது விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது: தொழில்நுட்ப அறிக்கைகளை ஆலோசகர் படித்துச் சொல்வார் என்று அமைச்சர் நம்பியிருந்தார். ஆலோசகர் அவற்றை முழுதாகப் படிக்கவில்லை. அமைச்சர் பார்த்துக்கொள்வார், ஆலோசகர் பார்த்துக்கொள்வார் என்று அதிகாரிகளும் இருந்துவிட்டார்கள். அப்புறம், சில கூட்டங்களுக்குக் குறிப்பே எழுதாத வழக்கம் இருந்ததை அரசுப் பணியின் தலைவரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். தகவல் கேட்டு விண்ணப்பம் வந்தால் கொடுக்க எதுவும் இருக்கக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். இதைப் படித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பொதுப்பணத்தில் எடுத்த முடிவுக்குத் தடயம் இருக்கக் கூடாது என்று நினைப்பதைவிடப் பெரிய தவறு நிர்வாகத்தில் எது?

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் அதிகாரம் ஒரே இடத்தில் குவிவது இன்னொரு சிக்கல். 2020 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் சஜித் ஜாவிதிடம், அவருடைய ஆலோசகர்கள் அனைவரையும் நீக்கிவிட்டுப் பிரதமர் அலுவலகம் தரும் ஆட்களை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பதவியையே விட்டார். அவர் செய்தது சரி என்பது என் கருத்து. தன் அமைச்சருக்கு விசுவாசமில்லாத ஆலோசகரால் சமரசம் பேச முடியாது. உத்தரவைத்தான் கடத்த முடியும்.

இளம் அதிகாரிகளுக்கு அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். "அமைச்சர் இப்படித்தான் விரும்புகிறார்" என்று ஆலோசகர் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால், மறுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, அமைச்சரின் ஒப்புதலோடு உறுதிசெய்யுங்கள்" என்று அன்றைக்கே அலுவலக மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வந்ததும் கோப்பில் சேருங்கள். நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். அமைச்சரிடம் கேட்காமலே பேசியவருக்குத்தான் அந்த மின்னஞ்சல் உறுத்தும்.

ஆலோசகராகப் புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் மேசைக்கு வரும் எல்லாவற்றையும் உங்களால் படிக்க முடியாது. அமைச்சருக்கு அது தெரியாது. நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நம்பித்தான் கையெழுத்துப் போடுவார். எதை முழுதாகப் படித்தீர்கள், எதைப் படிக்கவில்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். படிக்காத அறிக்கையை விளக்க, அதைத் தயாரித்த அதிகாரியையே அமைச்சரின் அறைக்கு அழைத்து வாருங்கள்.