சிண்டிலேட்டர்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

மும்பை செம்பூர் பக்கம் நம்ம ஆளுங்க கூடுற எடத்துல ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்துல வேலை பாக்குறவர் ஒருத்தராவது இருப்பார். என்ன சார் பண்றீங்கன்னு கேட்டா "சிண்டிலேட்டர் கிறிஸ்டல் வளக்குறோம்"னு சொல்லிட்டு டீய குடிக்கப் போயிடுவார், கேட்டவருக்கு கற்கண்டு ஞாபகம்தான் வரும்.

சிண்டில்லான்னா லத்தீன்ல தீப்பொறி. கதிர்வீச்சு ஒரு படிகத்துல மோதுனதும் உள்ள சின்னதா ஒரு வெளிச்சம் பளிச்னு வந்து போகும், அந்த வெளிச்சம்தான் சிண்டிலேஷன், வெளிச்சம் குடுக்குற பொருள் சிண்டிலேட்டர். 1903ல க்ரூக்ஸ்ங்குற விஞ்ஞானி துத்தநாக சல்பைடு தடவின திரையில ஆல்பா துகள் விழுறத லென்ஸ் வச்சுப் பாத்தார். அப்புறம் ரூதர்ஃபோர்டோட ஆளுங்க கைகரும் மார்ஸ்டனும் இருட்டு ரூம்ல கண்ண பழக்கிட்டு உக்காந்து அந்தப் பொறிகள ஒண்ணொண்ணா எண்ணுனாங்க, அணுக்கருன்னு ஒண்ணு இருக்குன்னே அப்படி எண்ணித்தான் தெரிய வந்துச்சு. பின்னாடி கண்ணுக்குப் பதிலா, மங்கலான வெளிச்சத்தையும் மின் துடிப்பா பெருக்கிக் குடுக்குற ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் வந்துச்சு, 1948ல ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தக் காட்டுனார், அது இன்னிக்கும் ஓடுது.

இப்ப தமிழுக்கு வருவோம். "ஒளிர்வு"ன்னா ரொம்பப் பொதுவா போயிடும், ட்யூப்லைட்டும் ஒளிருது. "மினுமினுப்பு" பட்டுப்புடவைக்கு. "மினுக்கி"ன்னு சுருக்கலாம்னா நம்ம ஊர்ல மேனாமினுக்கின்னு ஒரு திட்டு இருக்கு, லேப்ல போய் சொன்னா சிரிப்பாங்க. என் ஓட்டு "ஒளிப்பொறி"க்கு. பொறின்னா மெஷினும்தானே, எலிப்பொறியும்தானேன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா "கண்ணுல பொறி பறந்துச்சு"ன்னு சொல்றப்ப யாருக்கும் மெஷின் ஞாபகம் வர்றதில்ல. இங்கயும் காமா கதிர் ஒரு அறை விடுது, படிகத்துக்குள்ள பொறி பறக்குது. சிண்டிலேட்டர் ஒளிப்பொறிப் படிகம், சிண்டிலேஷன் கவுண்டர் ஒளிப்பொறி எண்ணி.

கூடவே வர்ற ரெண்டு சொல்லையும் பாத்துடலாம். இந்தப் படிகங்கள்ல சேக்குற சீரியம் மாதிரி தனிமங்களோட கூட்டத்துக்குப் பேரு ரேர் எர்த் = அருமண். அழகான சொல், ஆனா அதுல இருக்க சீரியம் அப்படி ஒண்ணும் அருமை இல்ல, பூமியோட மேலோட்டுல ஈயத்த விட அதிகம், நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல கெடைக்கிற மோனசைட்லயே இருக்கு. டோப்பிங், அதாவது படிகத்துல வேற ஒரு தனிமத்த துளியூண்டு கலக்குறது, அதுக்கு பாடப்புத்தகம் "மாசூட்டல்"ங்குது. எனக்கு இது புடிக்கல. மாசுன்னா அழுக்கு, இங்க சீரியம்தான் வேலையே செய்யுது. காமா கதிர் படிகத்துல கொட்டுற ஆற்றல் எலக்ட்ரான்கள கிளப்பி விட, அது அலைஞ்சு திரிஞ்சு சீரியம் அயனிகிட்ட வந்து சேரும், அங்க 5டிங்குற மேல் ஆற்றல் மட்டத்துல இருந்து 4எஃப்ங்குற கீழ் மட்டத்துக்கு எலக்ட்ரான் எறங்குறப்ப வெளிச்சம் வருது, அதுவும் நானோசெகண்ட் கணக்குல. அதனால "சீரியம் ஊட்டின படிகம்"னா போதும், மாசு வேணாம்.

ட்ராம்பேல வளக்குறதுல ஒண்ணு கடோலினியம் காலியம் அலுமினியம் கார்னெட், சீரியம் ஊட்டினது. பொடிய இரிடியம் பாத்திரத்துல போட்டு 1800 டிகிரிக்கு மேல உருக்கி, ஒரு விதைப் படிகத்த மேல தொட வச்சு சுத்திக்கிட்டே மெதுவா, மணிக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்னு தூக்குவாங்க. ஸோக்ரால்ஸ்கி 1916ல கண்டுபிடிச்ச முறை, சிலிக்கானும் இப்படித்தான் வருது. தொந்தரவு என்னன்னா அந்தச் சூட்டுல காலியம் ஆக்சைடு ஆவியாகி ஓடும், அத அடக்க கொஞ்சம் ஆக்சிஜன் விட்டா இரிடியம் பாத்திரம் அரிக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஓட்டணும். அவசரமா ஆற வச்சா விரிசல் விட்டுடும்.

வெளிய வர்றது மஞ்சளா கண்ணாடி மாதிரி ஒரு உருளை. அத வெட்டி பாலிஷ் போட்டு, ஒரு முகத்த மட்டும் விட்டுட்டு மத்த பக்கமெல்லாம் வெள்ளை டெஃப்லான் டேப் சுத்துவாங்க, ஆமா, ப்ளம்பர் குழாய்க்கு சுத்துற அதே டேப், வெளிச்சம் வெளிய ஓடாம திருப்பி விடும். திறந்த முகத்துல ஆப்டிகல் கிரீஸ் தடவி ஃபோட்டோமல்டிப்ளையர் மேல ஒட்டி, பக்கத்துல காமா கதிர் விடுற சீசியம்-137 வச்சா, ஸ்க்ரீன்ல அந்தக் கதிரோட ஆற்றலான 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்ல ஒரு மேடு எழும். மேடு எவ்வளவு ஒல்லியோ படிகம் அவ்வளவு நல்லது. சோடியம் அயோடைடுல மேட்டோட அகலம் அந்த ஆற்றல்ல 7 சதவீதம் பக்கம், சீரியம் ஊட்டின லாந்தனம் புரோமைடுல 3 சதவீதம் பக்கம்.

அப்புறம் ஏன் எல்லாரும் லாந்தனம் புரோமைடே வாங்கலன்னா, வெலை ஒரு பக்கம், அது ஈரத்த உறிஞ்சி கெட்டுப் போயிடும், சோடியம் அயோடைடும் அப்படித்தான், ரெண்டையும் காத்து புகாத டப்பாக்குள்ளயே வச்சிருக்கணும். கார்னெட்டுக்கு அந்தப் பத்தியம் கிடையாது, மும்பை ஜூலை மழையில மேசை மேல அப்படியே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது.