பூச்சி மருந்து கேட்காத செம்மறிகள்

"டொக்டர், ரெண்டு தரம் குடுத்தாச்சு, மருந்து கேட்குதில்ல." கொழும்பில் குடியிருந்துகொண்டு ஹங்வெல்ல, பாதுக்கைப் பக்கம் காணி எடுத்துச் செம்மறி வளர்ப்பவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். கண்ணிமையை விரித்தால் வெளிறியிருக்கும். ஈரல் தட்டைப்புழு, அதுவும் மருந்துக்கு எதிர்ப்பு வந்த புழு என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

அப்படியொரு எதிர்ப்பு இருப்பது உண்மை. தட்டைப்புழுவுக்கான ட்ரைக்ளபெண்டசோல் என்ற மருந்து 1983இல் கால்நடைகளுக்கு வந்தது. ஈரலைத் துளைத்துத் திரியும் குஞ்சுப் புழுவையும் பித்தக்குழாயில் குடியேறிய முதிர்ந்த புழுவையும் அது ஒருசேரக் கொல்லும். அதனாலேயே பண்ணைகள் வேறெதையும் தேடாமல் அதையே ஊற்றின. 1995இல் அவுஸ்திரேலியச் செம்மறிகளில் அது தோற்றது பதிவானது; பிறகு அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, நெதர்லாந்து, ஆர்ஜென்டினா. மனிதருக்கு இந்தப் புழு தொற்றினாலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதே மருந்தைத்தான்.

ஆனால் அவர்கள் கொண்டுவரும் போத்தலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஐவர்மெக்டின். அது தட்டைப்புழுவை எந்தக் காலத்திலும் தொட்டதில்லை. இல்லாவிட்டால் அல்பெண்டசோல்: முதிர்ந்த புழுவை மட்டும் கொல்லும், அதற்கும் உருண்டைப் புழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவு வேண்டும். இன்னொன்று, தாடை வீக்கத்தை வைத்து மட்டும் தட்டைப்புழு என்று சொல்ல முடியாது. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் புழுவும் இதே கோலத்தைத்தான் காட்டும்.

மருந்தின் அளவு ஆட்டின் நிறையைப் பொறுத்தது, ஆகவே அடுத்த கேள்வி நிறை. "இருபத்தஞ்சு கிலோ வரும்" என்ற கண்ணளவு பல தடவை தப்பாகிறது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினாலே போதும், பிறகு உங்கள் நிறையைக் கழித்துக்கொள்ளலாம். மந்தைக்கு ஒரே அளவுதான் என்றால் சராசரியை விடுங்கள். அந்தக் கூட்டத்தில் பாரமான ஆட்டை வைத்துக் கணக்கிடுங்கள்.

குறை அளவு ஏன் இவ்வளவு பொல்லாதது? தட்டைப்புழு இருபாலுயிர், துணையின்றியும் முட்டையிடும். ஒரு முட்டையிலிருந்து வரும் குஞ்சு வயல் நத்தைக்குள் நுழைந்தால், அங்கே பெருகி நூற்றுக்கணக்கில் வெளியே வந்து ஈரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே மரபணு. அரைகுறை மருந்தில் பிழைத்த ஒரு புழு போதும், நத்தை அதை அச்சடித்துத் தந்துவிடும். களனி கங்கை பெருக்கெடுத்து வடிந்த தாழ்நிலம் நத்தைக்கு நல்ல வாசம். மருந்து கொடுத்த மறுநாளே ஆட்டை அங்கே விட்டால் புதுப் புழு ஏறும், பழி மட்டும் மருந்துக்கு.

உண்மையிலேயே எதிர்ப்புத்தானா என்று தெரிய வேண்டுமானால், மருந்துக்கு முன் சில ஆடுகளின் புழுக்கையையும் 21 நாள் கழித்து அதே ஆடுகளின் புழுக்கையையும் புழு முட்டை இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அவசரப்பட்டால் பித்தப்பையில் தேங்கிய பழைய முட்டைகள் வந்து ஏமாற்றும். ஆய்வுகூடத்தில் அடிவண்டல் முறை என்று கேட்டு வாங்குங்கள். இந்த முட்டைகள் பாரமானவை, வழக்கமான மிதக்கவிடும் முறையில் தப்பிவிடும். அதோடு, தொற்றி 10 முதல் 12 கிழமை வரை முட்டையே வராது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்குரிய பேசியோலா ஜைஜான்டிகா என்ற தட்டைப்புழு இனத்தில் இன்னும் தாமதமாகலாம். முட்டை இல்லை என்றால் புழு இல்லை என்று அர்த்தமில்லை.

எதிர்ப்பு உறுதியானால் மாற்ற வேண்டியது போத்தலின் பெயரையல்ல, உள்ளே இருக்கும் மருந்தை. க்ளோசன்டெல் என்ற வேறு மருந்து ஒரு வழி. இளம் குஞ்சுகளை அது விட்டுவிடும் என்பதால் சில கிழமை கழித்துத் திரும்பக் கொடுக்க நேரலாம். அளவு மீறினால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கண் பார்வை போய்விடலாம். மிருக வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

ஹஜ்ஜுக்கு வளர்ப்பவர்கள் இறைச்சிக்கான விலக்குக் காலத்தை, அதாவது மருந்து கொடுத்த பின் அறுக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்களை, லேபிளில் பார்த்து, அறுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சில மருந்துகளுக்கு அது பல கிழமை. அறுக்கும்போது ஈரலை வெட்டிப் பித்தக்குழாயை அழுத்திப் பாருங்கள். இலைபோன்ற தட்டைப்புழு வெளியே வந்தால் படம் எடுத்து, கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றையும் எழுதி உங்கள் மிருக வைத்தியருக்கு அனுப்புங்கள்.